மீனை நீ சரியாகத்தான் அளந்தாய்

மக்கா, இந்தக் கடிதத்தை வேலைக்குப் புறப்படும் அவசரத்தில் படித்துவிடாதே. விடுமுறை நாளில், சாப்பிட்டு முடித்த பிறகு, உன்னோடு அறையில் தங்கியிருக்கும் பிள்ளைகள் கடைக்குப் போயிருக்கும் நேரத்தில் படி. நான் உனக்குக் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. உன் கல்யாணத்துக்கு முன்னால் எல்லா அப்பாமாரும் சொல்வதுபோல நாலு நல்ல வார்த்தை எழுதித் தர வேண்டும் என்று ஒரு காலத்தில் நினைத்ததுண்டு. இது அந்தக் கடிதம் இல்லை. இதில் உனக்கு ஒரு நல்ல சேதி இருக்கிறது. ஆனால் அது வந்திருக்க வேண்டிய நேரம் போய் நாலு வருஷம் ஆகிவிட்டது. இனி அதை வைத்து நீ என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியவில்லை.

போன வாரம் நீ போனில் பேசும்போது, பேச்சோடு பேச்சாக ஒன்று சொன்னாய். நீ வரவேற்பு மேசையில் இருக்கும் பல் மருத்துவமனைக்கு வந்த ஒருவர், கடலோரத்தில் கூண்டு கட்டி மீன் வளர்ப்பவர், நீ என்ன படித்தவள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, "என்னிடம் வந்துவிடு, மீன்களை அளந்து பார்த்துத் தீவனக் கணக்குப் போட ஆள் வேண்டும்" என்று கூப்பிட்டாராம். நீ மாட்டேன் என்றாயாம். நான் ஏன் என்று கேட்டேன். "அளக்குற வேலை ஒண்ணும் எனக்கு ஆண்டாம்ப்பா. எனக்குக் கை சரியில்ல. ஒரு குளத்துல கொன்னது போதும்" என்றாய். சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். அவர் அதற்குள் வேறு ஆளை எடுத்துவிட்டார் என்றும் சொன்னாய். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சரி மக்கா, உனக்கு இஷ்டம்போல" என்றேன். அந்த நேரத்திலாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை.

நீ மீன்வளம் படிக்கப் போகிறேன் என்று சொன்னபோது நம் வீட்டில் நடந்தது உனக்கு ஓர்மை இருக்கும். தலைமுறை தலைமுறையாக மீன் வாசனை ஏறாத சைவக்காரர் வீடு. உன் அம்மா இரண்டு நாள் அடுப்புப் பக்கம் போகவில்லை. அதியன்னூரிலிருந்து பெரியப்பா வந்து, "எலே, பொண்ணு கவர்மெண்டு குமாஸ்தா ஆவான்னு பாத்தா மீன்காரி ஆவுதாளாக்கும்" என்று முற்றத்தில் நின்று கத்தினார். அன்றைக்கு நான் உன் பக்கம் நின்றேன். என் வாழ்க்கையில் உனக்காக நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான் என்று நினைக்கிறேன். உத்தியோக காலம் முழுக்க நிலம் அளந்தவன் நான். சங்கிலியும் நாடாவும் சொன்னதைத் தவிர வேறு எதையும் நம்பாதவன் என்று பெயர் வாங்கியவன். என் மகள் ஒரு அளவைக்காரியாக வருவாள் என்பதில் எனக்கு உள்ளூரப் பெருமை இருந்தது. அவள் அளக்கப்போவது மீனை என்றாலும்.

படித்துவிட்டு வந்து, செங்கல் ஊருக்கு மேற்கே கைவிட்டுக் கிடந்த பாறைக்குளத்தைக் குத்தகைக்கு எடுத்தாய். கல் உடைத்த பள்ளத்தில் மழைத்தண்ணீர் நின்று குளமான இடம். ஒரு பக்கம் மட்டும் இறங்கக்கூடிய சரிவு, மற்ற மூன்று பக்கமும் செங்குத்துப் பாறை. அதில் ஆயிரத்துக்கு மேல் கட்லாக் குஞ்சுகளை விட்டாய். பதினைந்து நாளைக்கு ஒருமுறை தெப்பத்தில் போய் வீச்சுவலை போட்டு இருபது மீன் பிடிப்பாய். நான் ஈரத்துணியை விரித்துப் பிடிப்பேன். நீ மீனைத் துணியில் கிடத்தி, வாய் நுனியிலிருந்து வால் பிரியும் இடம்வரை ஓர் அளவு, முதுகுச் சிறகுக்கு முன்னால் உடம்பு பருத்திருக்கும் இடத்தைச் சுற்றி இன்னோர் அளவு எடுத்து எண்ணைச் சொல்வாய். நான் நோட்டில் எழுதுவேன். அரை நிமிஷத்தில் மீன் தண்ணீருக்குள் போய்விடும்.

"இதுக்கு ஒரு தராசு போதாதா?" என்று முதல் நாள் கேட்டேன். "தெப்பத்துல தராசு முள்ளு நிக்காதுப்பா. கொக்கியில தூக்கினா மீனுக்குக் கேடு. இது போதும்" என்றாய். நீளத்தைச் சுற்றளவால் பெருக்கி, மறுபடியும் அதே சுற்றளவால் பெருக்கி, இருபத்தொன்பதால் வகுத்தால் கிராம் கணக்கில் எடை வரும். அந்த இருபத்தொன்பது எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். ஆரம்பத்தில் பத்து மீனைக் கரையில் வைத்துத் தராசிலும் நிறுத்து, நாடாவாலும் அளந்து, நம் குளத்துக் கட்லாவுக்கு இதுதான் பொருந்துகிறது என்று நீயே கண்டுபிடித்தது என்றாய். சுற்றளவை ஏன் இரண்டு தடவை பெருக்க வேண்டும் என்றேன். "நீளம் ஒரு போக்குலதான் வளரும். தடி அகலத்துலயும் வளரும், உசரத்துலயும் வளரும் இல்லியா? அதாக்கும்" என்றாய். நாற்பது சென்டிமீட்டர் நீளம், முப்பது சுற்றளவு என்றால் ஒன்றேகால் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. நான் மனக்கணக்காகச் சொன்னபோது நீ கைதட்டினாய். அந்த எடையை மீன்களின் எண்ணிக்கையால் பெருக்கி, அதில் இத்தனை பங்கு என்று அன்றாடத் தீவனத்தை நிறுத்துப் போடுவாய். ஒரு பிடி கூடாது, ஒரு பிடி குறையாது. குளம் ஆழமானது, அடியில் காற்றோட்டம் கிடையாது, தின்னாத தீவனம் அடியில் போய் அழுகினால் மொத்தமும் போய்விடும் என்று என்னிடம் பல தடவை சொல்லியிருக்கிறாய். எனக்குத் தெரியாமல் நடந்தது என்று நான் சொல்ல வழியில்லை.

இங்கே இன்னொரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். நீ பத்தாம் வகுப்பில் இருந்தபோது ஒரு கணக்கை என்னிடம் கொண்டுவந்து காட்டினாய். நான் பேப்பர் படித்துக்கொண்டே பார்த்துவிட்டு, விடை தப்பு என்று சொல்லி வேறு விடை போட்டுத் தந்தேன். நீ உன் விடையை அடித்துவிட்டு என்னுடையதை எழுதிக்கொண்டு போனாய். மறுநாள் ஆசிரியர் அதைத் தவறு என்று போட்டார். நீ முதலில் போட்டதுதான் சரி. வீட்டுக்கு வந்து நீ என்னிடம் கோபித்துக்கொள்ளவில்லை. "நான்தான் அப்பா சொன்னதைச் சரியா கேக்கல்ல போல" என்று அம்மாவிடம் சொன்னாய். அதைக் கேட்டுக்கொண்டு உள்ளறையில் இருந்தேன். அன்றைக்கே உன்னைக் கூப்பிட்டு, "நீ போட்டதுதான் சரி, யார் சொன்னாலும் அடிக்காதே, அப்பா சொன்னாலும் அடிக்காதே" என்று சொல்லியிருந்தால் பின்னால் நடந்தது நடந்திருக்காது.

நடந்தது இது. நீ தீவனம் போடுவது காலை எட்டு மணிக்கும் மாலை நாலு மணிக்கும். நான் விடியற்காலையில் நடக்கப் போகிறவன். ஓய்வு பெற்றபின் அந்த நடை ஒன்றுதான் எனக்கு வேலை. ஒரு நாள் நடந்துபோன வழியில் குளத்துச் சரிவில் இறங்கி நின்றேன். என் காலடிச் சத்தம் கேட்டு மீன்கள் கூட்டமாக மேலே வந்தன. தண்ணீருக்கு மேல் வாயைத் திறந்து திறந்து மூடின. எனக்கு அவை மெலிந்து இருப்பதாகத் தோன்றியது. பசிக்கிறது என்று தோன்றியது. மறுநாள் பசுவுக்கு வாங்கி வைத்திருந்த தவிட்டையும் கடலைப் பிண்ணாக்கையும் பிசைந்து, ஒரு தூக்குப் போணியில் எடுத்துக்கொண்டு போனேன். போட்டதும் குளமே கொதிப்பதுபோல இருந்தது. அதற்கு மறுநாள் இரண்டு போணி. பிறகு அது வழக்கமாகிவிட்டது.

அவற்றின் பசிக்காகத்தான் போட்டேன் என்று சொன்னால் அது இன்னொரு பொய். அலுவலகத்தில் இருந்தவரைக்கும் நான் வருவதற்காக வராந்தாவில் ஆட்கள் நிற்பார்கள். "சார் வந்நோ" என்று கேட்டுக்கொண்டு நிற்பார்கள். ஓய்வு பெற்ற பிறகு எனக்காக யாரும் எங்கும் நிற்கவில்லை. அந்தக் குளத்தில் ஆயிரம் உயிர்கள் என் காலடிக்காகக் காத்துக் கிடந்தன. வாழ்நாளில் ஒரு மீன் துண்டை வாயில் வைக்காத நான், அவை என்னை அடையாளம் தெரிந்துகொண்டன என்று நம்பினேன். உன் நோட்டில் இருந்த கணக்கு எனக்கு அந்த நேரத்தில் கஞ்சத்தனமாகத் தெரிந்தது.

இரண்டு மாதத்தில் உன் நாடா என்னைக் கண்டுபிடித்துவிட்டது. நீ சுற்றளவைச் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்டிருந்தேன். எட்டாவது மீனில் நீ நிறுத்தினாய். மறுபடி அளந்தாய். "என்னப்பா இது, போடுற தீவனத்துக்கு இவ்வளவு தடி வெக்க வழியில்லியே. ஒக்க மீனும் இப்படித்தான் இருக்கு" என்றாய். கணக்கு ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டாய். பிறகு என் முகத்தைப் பார்த்து நேராகவே கேட்டாய்: "வேற ஆராவது குளத்துல தீவனம் இடுதாவளா? நீங்க காலம்பற இந்த வழிதானே போறிய, ஆரையாவது பாத்தியளா?"

"இல்ல மக்கா. ஆரும் இல்ல. நல்ல தண்ணி, அதான் வளருது" என்றேன்.

நீ நம்பினாய். சந்தோஷப்பட்டாய். எடை கூடியதற்குத் தகுந்தாற்போல நீயும் தீவனத்தைக் கூட்டினாய். அன்றோடு நான் நிறுத்தியிருக்கலாம். நான்கு நாள் நிறுத்தினேன். ஐந்தாவது நாள் வெறுங்கையோடு போனேன். அவை வந்து வாயைத் திறந்துவிட்டு, ஒன்றும் விழாததால் திரும்பிப் போயின. அது எனக்குத் தாங்கவில்லை. மறுநாள் போணி மறுபடி கையில் இருந்தது.

அந்த மழையைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மூன்று நாள் வெயிலே இல்லை. மூன்றாம் நாள் விடாமல் கொட்டியது. நாலாம் நாள் காலையில் நான் போனபோது குளம் வெள்ளையாக இருந்தது. முதலில் மழை நுரை என்று நினைத்தேன். கிட்டப் போனதும் வயிறுகள் என்று தெரிந்தது. சாகாத சில, ஓரத்தில் வந்து வாயைத் தூக்கி மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தன. என்னைக் கண்டதும் அவையும் என் பக்கம் வந்தன. நான் கையிலிருந்த போணியைப் பாறை இடுக்கில் வைத்துவிட்டுத்தான் உனக்குப் போன் செய்தேன். உன்னைக் கூப்பிடும் முன்பே அதை மறைக்க எனக்குப் புத்தி வேலை செய்திருக்கிறது, பார்.

நீ ஓடிவந்தாய். அழவில்லை. இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, கிடந்தவற்றில் ஒன்றை எடுத்து, நாடாவைத் தேடினாய். "கொஞ்சத்தை அளந்து, நிறுத்தும் பாக்கணும்ப்பா. எங்க பிழைச்சுதுன்னு தெரியணும்" என்றாய். நான்தான் விடவில்லை. "நாறிப்போவும் மக்கா, ஊர்க்காரன் வந்து சண்டை பிடிப்பான், உடனே குழி வெட்டணும்" என்று அவசரப்படுத்தி, மண் அள்ளும் வண்டியைக் கூப்பிட்டு, மத்தியானத்துக்குள் எல்லாவற்றையும் மூடிவிட்டேன். வாடைக்குப் பயந்து செய்தேன் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நிறுத்துப் பார்த்திருந்தால் உன் அளவு சரி என்று தெரிந்திருக்கும். அளவு சரி என்றால் தீவனம் வேறு எங்கிருந்தோ வந்திருக்கிறது என்றும் தெரிந்திருக்கும். நான் புதைத்தது அதைத்தான்.

மறுநாள் உனக்குப் பாடம் சொல்லித்தந்த சார் வந்தார். நல்ல மனிதர். நீ கூப்பிட்டதும் ஜோலியைப் போட்டுவிட்டு வந்தவர். குளத்தின் அடியிலிருந்து ஒரு வாளி சேற்றை எடுத்து மோந்து பார்த்தார். கறுத்து, அழுகிய முட்டை நாற்றம். தின்னாத தீவனம் அடியில் அழுகிக் கிடந்து, மழையில் கலங்கி மேலே வந்து, மீனுக்கு மூச்சில்லாமல் செய்துவிட்டது என்றார். உன் நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் பார்த்தார். இந்தத் தீவனத்துக்கு இந்தச் சுற்றளவு வரவே வராது என்றார். பிறகு மெதுவாக, உன்னை நோகடிக்காமல்தான் சொன்னார்: "தூக்கம் கூடிப்போயி மோளே. நாடா லூஸாயிட்டுப் பிடிச்சதாயிரிக்கும்." எடையைத் தூக்கம் என்று சொல்லித்தானே நமக்கும் பழக்கம். நாடாவைத் தளர்வாகப் பிடித்ததால் சுற்றளவு கூடியது, அது இரண்டு தடவை பெருக்கப்படுவதால் எடை இன்னும் கூடியது, இல்லாத எடைக்குத் தீவனம் போட்டுக் குளத்தைக் கெடுத்துவிட்டாய் என்பது அவர் சொன்னதன் பொருள். அவர் கையில் இருந்த நோட்டுக்கு அதைத் தவிர வேறு விளக்கம் கிடையாது. நான் உனக்கு இரண்டு முழம் தள்ளி நின்றுகொண்டிருந்தேன், அம்மா சரிவின் மேலே நின்றாள்.

நீ உன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். பிறகு என்னைப் பார்த்தாய். "நான் லூஸாவா பிடிச்சேன்? நீங்க பக்கத்துலதானே நின்னிய?" என்றாய். உன் நாடா மீன் உடம்பில் ஒட்டி நிற்கும். செதில் நெளியாத அளவுக்கு, ஆனால் ஒட்டி. ஆயுள் முழுக்க நாடா பிடித்தவன் நான், எனக்குத் தெரியாதா? நான் சொன்னேன்: "எனக்கு அதெல்லாம் கவனமில்ல மக்கா. எழுதுறதுலதானே கண்ணு இருந்துது." சார் உன் தலையில் கை வைத்துவிட்டு ஜீப்பில் ஏறினார்.

அதற்குப் பிறகு நீ எதையும் அளக்கவில்லை. சீட்டித்துணி வாங்கப் போனால்கூடக் கடைக்காரனையே அளந்து தரச் சொன்னாய் என்று அம்மா சொன்னாள். ஆறு மாதத்தில் வெளிநாட்டில் வரவேற்பு மேசை வேலை என்று யாரோ சொன்னதும் சரி என்றாய். போகும் முன்னால் பாடப் புத்தகங்களையும் அந்த நோட்டையும் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டாய். விமான நிலையத்துக்குப் போகும் வழியில், அமரவிளைப் பாலத்தில் வண்டி நின்றபோது, "எனக்காக ஊர்க்காரங்ககிட்டயும் பெரியப்பாகிட்டயும் நீங்கதான் தாழ்ந்து போனிய. மன்னிச்சிடுங்கப்பா" என்றாய். நான் உன் தோளைத் தட்டினேன். அந்தத் தட்டலை நினைத்தால் இந்தக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

உன் போன் வந்த மறுநாள், எதையாவது சரிசெய்ய முடியுமா என்று பார்த்தேன். உன் சாரின் எண்ணைத் தேடிப்பிடித்துப் பேசினேன். நடந்தது முழுவதையும் சொன்னேன். வேறு ஒருவரிடம் நான் அதைச் சொன்னது அதுதான் முதல் முறை. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஓர்ம இல்ல சாரே. எத்தர குளம் கண்டு ஞான். செங்கல்லோ?" என்றார். உன் பெயரைச் சொன்னேன். நிறையப் பிள்ளைகள் படித்தார்கள், முகம் வரவில்லை என்று வருத்தத்தோடு சொன்னார். உன் வாழ்க்கையைத் திருப்பிவிட்ட அந்த ஒரு வாக்கியம் அவரிடம் இல்லை. அதைத் திரும்ப வாங்கி உன்னிடம் தரலாம் என்று நினைத்துக் கூப்பிட்டவன் நான். பிறகு பாறைக்குளத்துக்கு நடந்தேன். உடைத்த வீடுகளின் சுவரையும் ஓடுகளையும் கொட்டிப் பாதிக் குளத்தை நிரப்பிவிட்டார்கள். புதைத்த இடம் எது என்றே தெரியவில்லை.

நேற்று உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நான் சொல்லி முடிக்கும்வரை கை நிற்கவில்லை. பிறகு, "எனக்குத் தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"தவிட்டுச் சாக்கு மாசம் ஒண்ணு தீர்ந்த இடத்துல மூணு தீர்ந்துது. பசு என்ன ஆனையா? நான் கேக்காம இருந்தேன்."

"அந்த சார் வந்து சொன்னப்பவும் நீ அங்க நின்னியே?"

"நின்னேன். சொல்லியிருந்தா அவ மறுபடியும் மீன் வாங்கி விட்டிருப்பா. இந்த வீட்டுப் பிள்ளை காலம் பூரா சேத்துலயும் மீன்லயும் கிடக்கணுமா? போவட்டு, எங்கயாவது நல்லா இருக்கட்டுன்னு நெனச்சேன்." கீரைக் காம்பை ஒதுக்கினாள். பிறகு கேட்டாள்: "நல்லாத்தானே இருக்கா?"

இப்போது உனக்குத் தெரிந்துவிட்டது. நாங்கள் இரண்டு பேருமே அங்கே நின்றோம். ஆளுக்கொரு காரணத்தோடு நின்றோம். நடுவில் நீ உன் கையைப் பார்த்துக்கொண்டு நின்றாய்.

இதைப் போனில் எழுதி மூன்று தடவை அனுப்பப் பார்த்தேன். மூன்று தடவையும் அழித்தேன். காகிதத்தில் எழுதிப் பெட்டியில் போட்டுவிட்டால் பிறகு என் கைக்கு எட்டாது என்பதால் இப்படி எழுதுகிறேன். அம்மா அனுப்ப வேண்டாம் என்கிறாள். "இப்ப சொல்லி அவளுக்கு என்ன கிட்டப்போவுது? உங்க பாரத்தை இறக்க அவ தலையா கிடைச்சுது?" என்கிறாள். அவள் கேட்பதும் நியாயம்தான். அந்தக் கூண்டுக்காரரின் வேலை போய்விட்டது. நாலு வருஷம் போய்விட்டது. நீ மறுபடி ஒரு மீனைக் கையில் எடுப்பாய் என்று நான் நம்பவில்லை. மன்னிப்பு கேட்கவும் இதை எழுதவில்லை. பதில் போட வேண்டாம். போனில் என்னோடு பேசாமல் அம்மாவோடு மட்டும் பேசினாலும் எனக்குப் புரியும். அவளோடும் பேசாமல் இருந்தால் அதுவும் புரியும்.

புத்தி சொல்லும் தகுதி எனக்கில்லை. ஆனாலும் ஒன்றே ஒன்று. உன் கையில் இருக்கும் அளவு ஒன்றைச் சொல்லி, உனக்கு வேண்டியவர்கள் வேறொன்றைச் சொன்னால், முதலில் அவர்களைச் சந்தேகப்படு. உன்னை அல்ல.

நாடா தளரவில்லை மக்கா. எட்டாவது மீனில் நீ சந்தேகப்பட்டாயே, அதுவரைக்கும் எல்லாம் சரி. அதற்குப் பிறகும் சரி. நீ அந்தக் குளத்தைக் கொல்லவில்லை. இதற்குச் சாட்சியாக நோட்டு இல்லை, மீன் இல்லை, குளமும் இன்னும் கொஞ்ச நாளில் இருக்காது. என் சொல் ஒன்றுதான் இருக்கிறது. அதை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதை இந்தக் கடிதத்திலேயே நான் உனக்குச் சொல்லிவிட்டேன்.

அப்பா